வங்குச் சோளம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது. இது சிரிப்புக் கதையாகத்தான் பிறந்தது.

நாமக்கல்லில் ஒரு விவசாயக் கண்காட்சி. அதற்கு மலர் போடுகிறார்களாம். "எலித் தொல்லையப் பத்தி ஜாலியா ஒரு கதை குடுங்க. அந்தக் காலத்துல நடக்கற மாதிரி இருக்கட்டும், வயசானவங்க ரசிப்பாங்க" என்று கேட்டார்கள். எனக்கென்ன, எலிக்கும் மீசை, ஆராய்ச்சி செய்கிறவனுக்கும் மீசை, எழுதித் தள்ளிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எலியைப் பற்றி எனக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களை ஒரு தாளில் எழுதினேன்.

வயல் எலி கிடைத்த தானியத்தையெல்லாம் உடனே தின்றுவிடாது. வங்குக்குள் இழுத்துப்போய்ச் சேர்த்துவைக்கும். (வங்கு என்றால் எலி வளை. எங்கள் பக்கத்துப் பேச்சு.)

அறுப்பு முடிந்ததும் காட்டு வேலை செய்கிற குடும்பங்கள் வங்கைத் தோண்டி, எலி சேர்த்த தானியத்தை எடுத்துக் காய்ச்சிக் குடிப்பார்கள்.

இரண்டும் ஊரறிந்த சங்கதி. தனித்தனியாகத் தெரிந்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏனென்றால் எலிக்கு வைக்கிற விஷத்தையும் தானியத்தில்தானே கலந்து வைக்கிறோம்?

இப்படி நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கும் படிக்கவுமில்லை. நானாக இரண்டு வாக்கியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சிரிப்பு அன்றோடு போச்சு.

2

வருஷம் வேண்டும். 1943 என்று வைத்துக்கொண்டேன். சண்டைக் காலம். பர்மா அரிசி வரத்து நின்றுவிட்டது. செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் விலை கேட்டால் மயக்கம் வருகிறது. அந்த வருஷத்தில் எலி வாயிலிருந்து சோளத்தைக் காப்பாற்றுவது விளையாட்டு வேலை இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒருவன்மேல் கல்லெறியக் கை தூக்கும்போது தேவைப்படும்.

சரி, ஆரம்பம்.

"புதுச்சத்திரத்துக்குத் தெற்கே சோளக்காட்டின்மேல் தை மாசத்துப் பொன்வெயில்—"

அட, சும்மா இரு. பட்டினி வருஷத்தில் வெயிலுக்குப் பொன்முலாம் பூசுகிறானாம்.

"ஒரு ஊரில் ஒரு எலி இருந்தது. அதற்குச் சேமிப்புப் பழக்கம்—"

இது மலருக்கு எழுதியது. முதல் பத்தியிலேயே நின்றுபோன கிண்டல். அடிக்க மனசில்லாமல் விட்டிருக்கிறேன், எப்படிப்பட்ட கதையாக இருந்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

"அன்று காலையில் மருதாசலம் மிகவும் சந்தோஷமாக இருந்தான்."

இது போதும். இது உண்மை.

3

மருதாசலம் யார்? விவசாயம் படித்துவிட்டு சர்க்கார் சம்பளத்தில் பயிர்ப் பூச்சி, எலி ஆராய்ச்சி செய்கிற உதவியாளன். திருச்செங்கோட்டுப் பக்கம், சொந்தமாகத் தோட்டம் துரவு உள்ள குடும்பம். (எந்த ஆபீஸ், எந்தப் பண்ணை என்று கேட்காதீர்கள். நான் கட்டிவிட்ட ஆபீஸ் அது.)

இவனோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் கெட்டவனாக எழுதினேன். பூட்ஸ் காலோடு வரப்பில் நடந்து கூலியாட்களை அதட்டினான். எழுதவும் சுலபம், படிக்கவும் சுலபம், பொய். அடுத்து நல்லவனாக எழுதினேன். ஏழைகளை நினைத்து உருகினான். அதைவிடப் பெரிய பொய். கடைசியில் ஒரு சாதாரண ஆள் வந்து நின்றான், தன் வேலை பிடித்தவன். எலி அறுத்துப்போட்ட கதிரைக் கையில் எடுத்தால் அவனுக்கு நிஜமாகவே மனசு பதறும். அவனை எனக்குப் பிடித்துப்போனதுதான் தொந்தரவு.

சின்னண்ணன் என்கிற பண்ணாடியின் சோளக்காட்டில் சோதனை. பண்ணாடி என்றால் நிலத்துக்காரர். மருதாசலத்துக்குத் தூரத்து உறவு, மாமா முறை. சோளத்தை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளைப் பாஷாணம் ஏற்றி, உலர்த்தி, ஒவ்வொரு வங்கின் வாயிலும் ஒரு கை வைப்பது. பாஷாணம் கலந்த சோளத்துக்கு அவுரிச் சாயம் ஏற்றி நீலமாக்கிவிட வேண்டும் என்பது மருதாசலத்தின் யோசனை. பார்த்த உடனே ஆளுக்குத் தெரியுமே.

"நீலச் சோளமா?" என்றார் சின்னண்ணன். "ஏந் தம்பி, உனக்கென்ன கிறுக்கா? அறுப்புக்கு வர்றவங்களுக்குக் கூலியே சோளந்தான். காட்டுல ஒரு மணி நீலமாக் கெடந்துதுன்னா அடுத்த அறுப்புக்கு ஒரு பொம்பள கருக்கருவா எடுப்பாளா? என்ற கதிரு நின்ன எடத்துலயே உதுந்து போவும்."

"ஆளுக தெரியாம எடுத்துட்டா என்னுங்க மாமா பண்றது?"

"எவன் எடுக்கறான்? வங்கத் தோண்டறது எலிக் கறிக்கு. வெசத்துல செத்த எலிய எவனாச்சும் திம்பானா? தண்டோராப் போட்டுச் சொல்லிப்போடு, முடிஞ்சுது."

மருதாசலம் யோசித்தான். வங்கைத் தோண்டுவது எலிக் கறிக்குத்தான் என்று அவனும் நினைத்திருந்தான். அவன் வீட்டில் வங்குச் சோளம் தின்னவேண்டிய நிலைமை ஒரு நாளும் வந்ததில்லை, பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? "சரிங்க மாமா" என்றான்.

[இந்த இடத்தில் அவனைப் பிடிவாதம் பிடிக்கவைத்திருக்கலாம். சோளம் நீலமாகியிருக்கும், கதை முடிந்திருக்கும், எல்லாரும் பிழைத்திருப்பார்கள். மூன்று தரம் முயற்சி செய்தேன். மூன்று தரமும் "சரிங்க மாமா" என்றுதான் சொன்னான். சொந்தக்காரனிடம் வேறு எப்படிப் பேசுவான்?]

தண்டோரா போட்டாச்சு. "பண்ணாடி காட்டுல எலிக்கு வெசம் வெச்சிருக்குது. செத்த எலிய ஆரும் எடுக்கக் கூடாது, திங்கக் கூடாதூ..." செத்த எலி. இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஓரமாக எடுத்துவையுங்கள்.

அறுப்பு முடிந்த காட்டில் சாயங்காலம் இரை வைத்தான். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தான்.

"மாமா! ஒரு மணி மிச்சமில்லீங்க! அத்தனையும் எடுத்துப்போட்டுதுங்க!"

"செத்துதா?"

"வெளிய நாலஞ்சு கெடக்குதுங்க. மிச்சமெல்லாம் வங்குக்குள்ளார செத்துக் கெடக்கும்."

அன்று காலையில் மருதாசலம் மிகவும் சந்தோஷமாக இருந்தான்.*

* எலி சேர்த்துவைக்கும் என்பது இவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஊர்க்காரர்களைக் கூட்டி அதையே பாடமாகச் சொன்னவன். எடுத்ததெல்லாம் தின்றதென்று ஒரு சந்தோஷமான காலையில் யாருக்கும் தோன்றும். எனக்கே அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதின பிறகுதான் உறைத்தது.

4

இப்போது குஞ்சம்மாளைக் கொண்டுவர வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இனி முடியாது.

குஞ்சம்மாளும் அவள் புருஷன் காத்தானும் சின்னண்ணன் காட்டில் கூலி வேலை செய்கிறவர்கள். ஒரே பிள்ளை, அங்கம்மாள், காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சல் விட்ட பிள்ளைக்குப் பசி எப்படி எடுக்கும் என்று வீட்டில் பிள்ளை உள்ளவர்களுக்குத் தெரியும். "ஆயா, களி" என்கிறது. (அம்மாவைத்தான் ஆயா என்று கூப்பிடும்.) கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "ஆயா, களி." வீட்டில் ஒரு மணி சோளம் இல்லை. அறுப்புக் கூலியாக வந்ததெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து வாங்கவே போய்விட்டது.

[ஒரு தரம் பிள்ளையைக் கதையிலிருந்தே அடித்துவிட்டேன். வேண்டாம், பிள்ளையை இதில் இழுக்காதே என்று. அதன்பிறகு குஞ்சம்மாள் நகரவே மாட்டேன் என்கிறாள். பாதி வங்கு தோண்டிவிட்டு "போதும்" என்று உட்கார்ந்துகொள்கிறாள். பிள்ளை இல்லாவிட்டால் அவள் எதற்கு அவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்? திரும்ப எழுதிவைத்தேன்.]

இரை வைத்த மறுநாள் மத்தியானம், சின்னண்ணன் காட்டில் காத்தான் கடப்பாரை போட, குஞ்சம்மாள் மண்ணை வாரினாள்.

"ஏ புள்ள, வெசம் வெச்சிருக்குதுன்னு தண்டோராப் போட்டாங்களே" என்றான் காத்தான்.

"போட்டாங்க, கேட்டேன். செத்த எலிய எடுக்காதேன்னாங்க. எடுக்கறமா? எலி செத்துக் கெடந்தா மண்ணத் தள்ளி மூடிப்போட்டு வேற வங்குக்குப் போவோம். உசுரோட ஓடுச்சுன்னா அது நல்ல வங்கு. வெசத்தத் தின்ன எலி ஓடுமா?"

கடப்பாரை ஆழ இறங்கியது. பக்கத்து ஓட்டை வழியாக ஒரு பெரிய எலி பாய்ந்து வெளியே வந்து வரப்பைத் தாண்டி ஓடியே போய்விட்டது. நல்ல கொழுத்த எலி.

"பாத்தீங்களா?" என்றாள் குஞ்சம்மாள். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

வங்கின் கோடியில், உள்ளறையில், கூடை நிறையச் சோளம்.

தயவுசெய்து அவளை அறியாதவள் என்று சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாள். சொன்னபடி நடந்தாள். சொன்னதற்குமேல் சோதனையும் போட்டாள். அந்தச் சோதனையில் என்ன தப்பு? எந்த எலி இன்னும் தின்னவில்லையோ, எது பிறகு தின்னலாம் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறதோ, அதுதான் உயிரோடு ஓடும். எந்த வங்கில் எலி உயிரோடு இருக்கிறதோ அந்த வங்கில்தான் விஷம் முழுசாக இருக்கும், அது முன்னமே சேர்த்த சோளத்தோடு கலந்து. இதை என் மேஜையில் உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே, மூன்றாம் டம்ளர் காப்பியோடு கண்டுபிடித்தேன். அவளுக்கு அடுப்பில் உலை வைக்கிற நேரம்தான் இருந்தது.

கழுவினால் போகாதா? கொஞ்சம் போகும். ஊறவைத்து ஏற்றியது, முழுக்கப் போகாது.

5

பொழுது சாயும் நேரத்தில் மருதாசலம் செத்த எலியைப் பார்க்க வங்கு தோண்ட வந்தான். அங்கே வங்கு இல்லை. குழி இருந்தது. குழி ஓரத்தில் புடைத்துத் தள்ளிய தூசியும் மண்ணும், அதில் சிந்தின நாலு சோள மணியும். குனிந்து எடுத்தான். நகத்தால் சுரண்டினான். பாஷாணம் வெள்ளையாக மாவு மாதிரி வந்தது.

செத்த எலியைத் தேடி யாரும் தானியத்தைப் புடைக்க மாட்டார்கள். அது அவனுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

ஓடினான். செருப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஆள்காரர் வளவு, அதாவது கூலிக்காரர்களின் குடிசைகள், எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. ஒரே ஒரு கூரையிலிருந்துதான் புகை வந்தது, அதைப் பார்த்து ஓடினான்.

இனிமேல்தான் எனக்கும் உங்களுக்கும் வேலை.

முதல் விதம். உள்ளே புகுந்து, ஒரு வார்த்தை பேசாமல், அடுப்பிலிருந்த பானையை எட்டி உதைக்கிறான். களி மண்ணில் கொட்டுகிறது. காத்தானுக்குப் புரியவில்லை, குஞ்சம்மாளுக்குப் புரிந்துவிடுகிறது: வங்குச் சோளமும் தனக்குத்தான் என்று பண்ணாடி ஆள் அனுப்பியிருக்கிறார். இவன் தலை மறைந்ததும் மண் படாத மேல்பாகத்தை வழித்து எடுக்கிறாள். பிள்ளைக்கு மட்டும். எழுதிவிட்டு எழுந்துபோய்த் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். இது வேண்டாம்.

இரண்டாம் விதம். வாசலிலிருந்தே கத்துகிறான்.

"ஏம்மா! அதத் திங்காதீங்க! அத்தனையும் வெசம்!"

குஞ்சம்மாள் களி கிண்டுகிற துடுப்பை நிறுத்தவில்லை. காத்தான்தான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு பேசினான்.

"சாமி, போன வருசம் கடலக்காட்டுல மண்ணுல விட்டுப்போன தப்புக்காய் பொறுக்கப் போனப்பவும் பண்ணாடி வெசம்னுதாஞ் சொன்னாருங்க. அதுக்கு முந்துன வருசமும் சொன்னாருங்க. பொறுக்குனோம், தின்னோம். இருக்கறமுங்க."

"அது பொய்யி. இது நெசம். நானே கலந்து வெச்சேன், காத்தா!"

"எலி உசுரோட ஓடுச்சுங்களே சாமி" என்றாள் குஞ்சம்மாள், திரும்பிப் பார்க்காமல். "இத்தாம் பெரிய எலி. வெசம்னா எப்பிடி ஓடும்? சொல்லுங்க."

மருதாசலம் சொன்னான். எலி தின்னவில்லை, சேர்த்துத்தான் வைத்தது, தின்னாததால்தான் ஓடியது என்று மூச்சு வாங்கச் சொன்னான். சொல்லும்போதே அவன் காதுக்கே அது சாக்காகக் கேட்டது. தின்னாத எலியாம், சேர்த்துவைத்த விஷமாம், பண்ணாடி வீட்டுப் பிள்ளை மாமனுக்காகக் கட்டுகிற கதையாம். அவர்கள் இடத்தில் நானிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்றாம் விதம். இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். (நடக்காத கதையில் நடந்தது எது என்று கேட்காதீர்கள். மற்ற இரண்டைவிட இதுதான் விடாமல் வந்து நிற்கிறது.)

அவன் கொட்டகையில் பாஷாணம் கலக்காத சோளம் ஒரு மூட்டை இருக்கிறது, அடுத்த சோதனைக்கு வைத்தது. சொன்னது எடுபடவில்லை என்றதும், "தொடாதீங்க, வேற சோளம் கொண்டாறேன்" என்று ஓடிப்போய், அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் வாசலில் போட்டான். மூட்டை தூக்கிப் பழக்கமில்லாத ஆள், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது.

"இத எடுத்துக்கங்க. அதக் குடுத்துருங்க. அடுப்புல இருக்கறதையும் கொட்டிருங்க. உங்க கால்ல வேணாலும் உழுகறேன்."

காத்தான் பதறிப்போய் ரெண்டடி பின்னால் போனான். குஞ்சம்மாள் மூட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பானையை இறக்கி அவன் கண்ணெதிரிலேயே குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். வங்குச் சோளத்தைக் கூடையோடு கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள். அவன் அழுதுவிட்டான். புதுச் சோளம் இடித்து, உலை வைத்து, அங்கம்மாள் வயிறாரக் களி தின்றதைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அட, நல்ல முடிவுதானே, மலருக்கே கொடுத்துவிடலாமே என்றுதான் நானும் நினைத்தேன். பேனாவை மூடியும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் அந்தக் கூடையை நினைத்துப் பார்த்தேன். வங்கிலிருந்து எடுத்தபோது கூடை நிறைய இருந்தது. அடுப்புக்குப் போனது ஒரு வேளைக் களிக்கு உள்ள சோளம். மருதாசலத்தின் காலடியில் வைத்தபோது கூடையில் பாதிதான் இருந்தது.

6

மிச்சம், வீட்டு மூலையில், சோளத்தட்டுக் கட்டுக்குப் பின்னால், வாய் கட்டிய மொடாப் பானையில் இருக்கிறது.

எப்போது ஒளித்தாள்? அவன் மூட்டை தூக்கிவரப் போயிருந்த நேரத்தில். ஏன்? இது கேள்வியா? அதுவும் சோளம், இதுவும் சோளம், நிறம் ஒன்று, மணி ஒன்று. பசியோடு இருக்கிற வீட்டில் சோளத்தை முழுசாகத் தூக்கிக் கொடுக்கிற பொம்பிளை எந்த ஊரில் இருக்கிறாள்? நானாக இருந்தாலும் பாதிதான் கொடுத்திருப்பேன். மருதாசலத்துக்கு வங்கில் எவ்வளவு இருந்ததென்று தெரியாது. முழுசையும் வாங்கிப் புதைத்துவிட்டோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினான். மறுநாள் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டு, சின்னண்ணனிடம் வசவு வாங்கிக்கொண்டு, மேச்சேரிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

மூட்டைச் சோளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது. மாசி பிறந்தாச்சு. காட்டில் வேலை இல்லை. அங்கம்மாள் மறுபடியும் "ஆயா, களி" என்கிறாள். குஞ்சம்மாள் தட்டுக் கட்டை நகர்த்துகிறாள்.

என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க மாட்டேன். வாந்தி. பேதி. கை கால் இழுக்கும். வளவில் "வாந்திபேதி வந்துருச்சு" என்று சொல்லிப் பக்கத்துக் குடிசைக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உறவுக்காரர் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் ஊருக்கு ஊர் வாந்திபேதி, யாருக்கும் சந்தேகம் வராது. மேச்சேரியில் இருக்கிற மருதாசலத்துக்கும் சேதி போகும். அவனும் "ஐயோ பாவம்" என்று வருத்தப்பட்டு, அன்றிலிருந்து தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பான்.

நான் தடுக்கப் பார்த்தேன். மொடாவை உடைத்தேன், அவள் மண்ணோடு அள்ளிப் புடைத்துக்கொண்டாள். வழிப்போக்கன் ஒருவனைக் கொண்டுவந்து சொல்லவைத்தேன், அவளுக்கு அவனைத் தெரியாது. கோழி ஒன்றைக் கொடுத்து, முதலில் அதற்குப் போட்டுப் பார்க்கட்டும் என்று பார்த்தேன். அந்த வீட்டில் கோழி காய்ச்சல் வந்தபோதே விலைக்குப் போய்விட்டது. கடைசியில் நானே போய் வாசலில் நின்று, "அம்மா, தயவுசெய்து இதை உண்ணாதீர்கள்" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். என் தமிழே அவளுக்குப் பண்ணாடி வீட்டுப் பேச்சாகத்தான் கேட்டிருக்கிறது. "சரிங்க சாமி" என்றாள். என்னை அனுப்பிவைப்பதற்காகச் சொன்னது, அவ்வளவுதான்.

மொடாவில் என்ன இருக்கிறது என்று இந்தக் கதையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நான், நீங்கள். என்னை அவள் நம்பவில்லை. மலர்க்காரர் வேறு ரெண்டு தரம் கூப்பிட்டுவிட்டார், எலி என்னாச்சுங்க என்று. எனக்கு இதற்குமேல் எழுத வரவில்லை.

நீங்கள் போங்கள். புதுச்சத்திரத்தில் இறங்கி, காட்டு வழியில் தெற்கே நடந்தால் புகை தெரியும். படித்தவர் மாதிரிப் பேசாதீர்கள். பண்ணாடியின் பேரைச் சொல்லாதீர்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "எலி உசுரோடதான் ஓடுச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?" அவள் நம்புகிற மாதிரி ஒரு பதில் வேண்டும். நடந்துகொண்டே யோசியுங்கள், நின்று யோசிக்க நேரமில்லை. களி இறக்கியாச்சு. அங்கம்மாள் வட்டிலைக் கழுவி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.